கை சொல்வதும் சொல்லாததும்: நரம்புக் காயத்தை வெளி அடையாளங்களால் எவ்வளவு தூரம் அறியலாம்?

ஒரு கையைப் பார்த்து, தொட்டு, நாலைந்து அசைவுகளைச் செய்யச் சொல்லி, உள்ளே பழுதானது எந்த நரம்பு என்று சொல்லிவிட முடியுமா? மருத்துவம் இந்தக் கேள்வியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. போர்க்களங்கள் ஒரு விடை தந்தன. ஆய்வகங்கள் வேறொன்று தந்தன. தொழுநோய் மருத்துவமனைகள் இரண்டையும் திருத்தின. எந்த விடையும் முழுசாக நிலைக்கவில்லை. எதுவும் முழுசாகத் தள்ளப்படவும் இல்லை.

திருச்சிராப்பள்ளியில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல. உறையூரின் தறியும் சுருட்டும், ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணைகளில் நடந்த செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் வேலை, திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகள், ஸ்ரீரங்கத்தைச் சுற்றிய காவிரிக்கரை வாழைத்தோட்டங்கள் என இந்த வட்டாரத்தின் பிழைப்பில் பெரும்பங்கு கைப்பிழைப்பு. கண்ணாடி கிழித்தோ அரிவாள் பட்டோ மணிக்கட்டில் வெட்டுடன் ஒருவர் வரும்போது, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையானாலும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையானாலும், முதலில் கையைப் பிடித்துப் பார்ப்பவர் அந்த நேரப் பணியில் இருக்கும் மருத்துவர்தான். அவரிடம் அப்போது இருப்பவை கண்ணும் விரலும் ஒரு பேனாவும். தோலை மட்டும் தைத்து அனுப்புவதா, நரம்பை இணைக்க மேல்சிகிச்சைக்கு அனுப்புவதா என்பது அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது.

மூன்று நரம்புகள், நான்கு கேள்விகள்

கையை இயக்குபவை மூன்று பெரிய நரம்புகள். ரேடியல் நரம்பு மணிக்கட்டையும் விரல்களையும் பின்பக்கம் தூக்குகிறது. மீடியன் நரம்பு கட்டைவிரல் மேட்டின் தசைகளுக்கும், கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரையிலான உள்ளங்கைப்பக்க உணர்வுக்கும் பொறுப்பு. அல்னார் நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறுபாதிக்கும் உணர்வு தருகிறது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் செய்யும் சிறு தசைகளில் பெரும்பாலானவை அதன் கீழ் வருகின்றன.

அடையாளங்களைப் பற்றிய வாதங்கள் பல, ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்கு எடுத்துக்கொள்வதால் வருபவை. எனவே கேள்விகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. எந்த நரம்பு? எந்த இடத்தில்? நரம்பு நசுங்கியிருக்கிறதா, துண்டாகியிருக்கிறதா? அது தானாக மீளுமா?

முதல் நிலைப்பாடு: தோற்றமும் அசைவும்

மிகப் பழைய நிலைப்பாடு இது. கை நிற்கும் நிலையே நரம்பின் பெயரைச் சொல்லும் என்கிறது. மணிக்கட்டு தொங்கினால் ரேடியல். மோதிர விரலும் சுண்டுவிரலும் அடிமூட்டில் பின்னுக்கு வளைந்து, நுனியில் கொக்கிபோல் மடங்கினால் அல்னார். கட்டைவிரல் மேடு வற்றித் தட்டையானால் மீடியன். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி, எது எந்த அசைவைச் செய்கிறது என்று வகுத்தார். இந்த நிலைப்பாட்டுக்கு உறுதியான அடித்தளம் அதுவே.

முதல் உலகப்போர் அதைக் கூர்மையாக்கியது. 1915-இல் ஜூல் ஃப்ரோமான் விவரித்த சோதனை இன்றும் உலகெங்கும் நடக்கிறது. நோயாளி இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொள்கிறார்; மருத்துவர் தாளை இழுக்கிறார். நல்ல கையில் கட்டைவிரல் நீட்டியபடியே தாளை அழுத்தும். அல்னார் பழுதான கையில் கட்டைவிரலின் நுனிமூட்டு சட்டென்று மடங்கும். கட்டைவிரலை உள்ளே அணைக்கும் தசை செயலிழந்துவிட்டதால், மீடியன் நரம்பின் கிளை இயக்கும் மடக்குத்தசை அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. இரண்டு கைகளும் அருகருகே இருப்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

மற்ற நரம்புகளுக்கும் இதுபோன்ற எளிய சோதனைகள் உண்டு. உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் கையை வைத்து, கட்டைவிரலை நேர் மேலே தூக்கிப் பேனாவைத் தொடச் சொன்னால், முடியாதவருக்கு மீடியன் பழுது. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து வட்டம் போட முடியாவிட்டால், மீடியனின் முன்கைக் கிளையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தனிப்பழுதை கிலோவும் நெவினும் 1952-இல் விவரித்தார்கள். நடுவிரலை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காக ஏற்ற முடியாவிட்டால் அல்னாரைப் பார்க்க வேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் குறைகள் நான்கு.

முதலாவது, ஒரே தோற்றத்துக்கு இரண்டு காரணங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி, மற்றவை நீண்டு நிற்கும் நிலையைப் பாடநூல்கள் ஆசி வழங்கும் கை என்பார்கள். சில நூல்கள் அதை மீடியன் பழுதாகவும், சில அல்னார் பழுதாகவும் எழுதுகின்றன. விரல்களை நீட்டச் சொல்லும்போது இந்தத் தோற்றம் வந்தால் அல்னார். முஷ்டி பிடிக்கச் சொல்லும்போது ஆள்காட்டி விரல் மடங்க மறுத்து இந்தத் தோற்றம் வந்தால், முழங்கைக்கு அருகிலோ அதற்கு மேலோ நேர்ந்த மீடியன் பழுது. எந்த அசைவின்போது பார்த்தோம் என்று குறிக்காத அடையாளம் பயன்படாது.

இரண்டாவது, தோற்றத்தின் கடுமை காயத்தின் கடுமையைக் காட்டுவதில்லை. அல்னார் நரம்பு மணிக்கட்டில் அறுந்தால் விரல்கள் அதிகம் மடங்கும். முழங்கையில் அறுந்தால் நுனிமூட்டை மடக்கும் தசையும் சேர்ந்து செயலிழப்பதால் மடக்கம் குறைவாகவே தெரியும். பெரிய இழப்பு கண்ணுக்குச் சிறியதாகப் படும்.

மூன்றாவது, நரம்புகளுக்கிடையே உள்ள குறுக்குப் பாதைகள். முன்கையில் மீடியனிலிருந்து அல்னாருக்கு இயக்க இழைகள் தாவுவதை 1763-இல் மார்ட்டினும் 1870-இல் குரூபரும் பதிவுசெய்தார்கள். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், சுமார் ஐந்தில் ஒரு முன்கையில் இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இப்படிப்பட்டவருக்கு அல்னார் முழங்கையில் அறுந்தாலும் கையின் சிறு தசைகள் ஓரளவு வேலை செய்யலாம். நரம்பு நன்றாக இருக்கிறது என்று பிழையாக முடிவாகலாம்.

நான்காவது, ஏமாற்று அசைவுகள். ரேடியல் பழுதிலும் விரல்களின் நடுமூட்டும் நுனிமூட்டும் நீளும், ஏனெனில் அதைச் செய்பவை அல்னார், மீடியன் வழி இயங்கும் சிறு தசைகள். அடிமூட்டு நீள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மாறாக, மணிக்கட்டு தொங்கும்போது விரல்களை விரிக்கும் வலுவும் குறைந்து தெரிவதால் அல்னாரும் போய்விட்டதாகத் தோன்றும். கையை மேசையில் தட்டையாக வைத்துச் சோதித்தால் அந்த மயக்கம் தீரும். தசைநாண் அறுந்ததையும் நரம்பு செயலிழந்ததையும் பிரிக்க, மணிக்கட்டை மருத்துவரே மெல்ல உள்பக்கம் மடக்கிப் பார்க்கிறார். விரல்கள் தாமாக நீண்டால் நீட்டும் தசைநாண்கள் அறாமல் இருக்கின்றன. பழுது நரம்பிலோ தசையிலோ இருக்கலாம்.

இரண்டாம் நிலைப்பாடு: தொடு உணர்வு

தசை ஏமாற்றினாலும் தோல் ஏமாற்றாது என்பது இந்தப் பள்ளியின் நம்பிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் காயங்களைப் பார்த்த வியர் மிட்செலும் அவருடைய தோழர்களும் 1864-இல் வெளியிட்ட நூல், நரம்புக் காயத்தின் உணர்விழப்பையும் எரிவலியையும் விரிவாகப் பதிவுசெய்தது. 1903-இல் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட் தம்முடைய முன்கையின் தோல் நரம்புகளைத் தாமே அறுக்கச் செய்தார். ரிவர்ஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து உணர்வு திரும்பும் விதத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1908-இல் முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டே டிராட்டரும் டேவிஸும் தங்கள் நரம்புகளை அறுத்துப் பார்த்து, ஹெட்டின் விளக்கத்தை மறுத்தார்கள். உணர்வு எப்படித் திரும்புகிறது என்ற அந்த விவாதம் அன்று தீரவில்லை.

நடைமுறைக்கு எஞ்சியது எளிய பாடம். ஒரு நரம்பின் எல்லை அடுத்த நரம்பின் எல்லையோடு கலந்திருப்பதால், வேறு நரம்பின் பங்கு மிகக் குறைந்த இடங்களையே சோதிக்க வேண்டும். மீடியனுக்கு ஆள்காட்டி விரலின் நுனி. அல்னாருக்குச் சுண்டுவிரலின் நுனி. ரேடியலுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புறங்கைத் தோல். மூன்றாவது இடம் நம்பகம் குறைந்தது, ஏனெனில் முன்கையின் வேறொரு தோல் நரம்பு அங்கே குறுக்கிடுகிறது.

எந்த இடத்தில் என்ற கேள்விக்கு இந்தப் பள்ளியே சிறந்த விடை தருகிறது. அல்னாரின் புறங்கைக் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடும். சுண்டுவிரல் மரத்திருந்தும் அந்தப் பக்கப் புறங்கையில் உணர்வு இருந்தால், பழுது மணிக்கட்டளவில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கும் உணர்வு இல்லையென்றால் மேலே தேட வேண்டும். மோதிர விரலின் ஒரு பாதியில் உணர்வு இருந்து மறுபாதியில் இல்லாமலிருந்தால், கழுத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரைவிட அல்னார் நரம்பையே அது சுட்டுகிறது.

அளவிடுவதற்கும் வழிகள் பிறந்தன. 19-ஆம் நூற்றாண்டில் வேபர் உருவாக்கிய இருபுள்ளிச் சோதனையில், இரண்டு முனைகளை இரண்டாகவே உணரும் மிகக் குறைந்த தூரம் பார்க்கப்படுகிறது; விரல் நுனியில் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு என்பது வழக்கம். அழுத்தும் விசை கைக்குக் கை மாறுகிறது என்பது அதன் மேல் உள்ள பழைய குறை. இந்தப் பள்ளி முழுக்க நோயாளியின் சொல்லை நம்பி நிற்கிறது. வலியில் துடிப்பவர், குடித்திருப்பவர், குழந்தை, மயக்கத்தில் இருப்பவர் ஆகியோரிடம் அது எளிதில் தோற்றுவிடும். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, லேசாக மரத்திருக்கிறது என்று சொல்பவரின் நரம்பு முழுக்க அறுந்திருக்கவும் கூடும். அழுத்தம் ஆழத்துக்குப் பரவி, தொட்டதாக அவருக்குத் தெரிந்திருக்கும். தொடுவது தெரிகிறதா என்று கேட்பதைவிட, இரண்டு கைகளிலும் ஒரே விரலை ஒரே மாதிரி தொட்டு, ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேட்பது பாதுகாப்பானது.

மூன்றாம் நிலைப்பாடு: நோயாளி பேசாமலே தெரிபவை

நரம்பு அறுந்தால் அந்தத் தோலில் வியர்வையும் நின்றுவிடும். பேனாவின் வழவழப்பான உடலை விரலின் மேல் மெதுவாக இழுத்தால், வியர்வையுள்ள தோலில் அது ஒட்டித் தயங்கும். வறண்ட தோலில் வழுக்கிக்கொண்டு போகும். திருச்சியின் வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமில்லாததால் இந்தச் சோதனை இங்கே கூடுதலாகப் பயன்படும் என்று எதிர்பார்க்கலாம். சுவீடனின் எரிக் மோபெர்க் 1958-இல் வியர்வைத் தடத்தைத் தாளில் பதிய வைத்து இந்த எண்ணத்துக்குப் பதிவு வடிவம் கொடுத்தார். 1973-இல் ஓ'ரியன் இன்னும் எளிதாக்கினார்: கையை 40 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்திருந்தால், நரம்புள்ள விரல் சுருங்கும், நரம்பறுந்த விரல் வழவழப்பாகவே இருக்கும்.

குழந்தைகளைச் சோதிக்க இதைவிடத் தோதான வழி கிடைப்பது அரிது. ஆனால் புதிய வெட்டுக்காயம் உள்ள கையை அரைமணி நேரம் நீரில் வைப்பது எப்போதும் இயலாது. பகுதிக் காயங்களிலும் நசுக்கங்களிலும் விடை தெளிவில்லை. நரம்பு மீளும்போது சுருக்கமும் தொடு உணர்வும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை என்பதால், மீட்சியை அளக்க இதை மட்டும் நம்புவது சரியாகாது.

நான்காம் நிலைப்பாடு: தட்டிப் பார்ப்பதும் காத்திருப்பதும்

1915-இல், போரின் இரு எதிரெதிர்ப் பக்கங்களில், பிரான்சின் ஜூல் டினெலும் ஜெர்மனியின் பால் ஹோஃப்மானும் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டார்கள். காயப்பட்ட நரம்பின் வழியே விரலால் தட்டிக்கொண்டு போனால், ஓரிடத்தில் விரல் நுனிவரை சுருக்கென்று கரண்ட் அடிப்பதுபோல் ஓடும். வளரும் நரம்பு முனை அங்கே இருக்கிறது என்பது பொருள். மாதாமாதம் அந்த இடம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. நகராமல் நின்றால் தடை இருக்கலாம். மீளுமா என்ற கேள்விக்கு வெளியிலிருந்து கிடைக்கும் நேரடி விடை இதுதான். ஆனாலும் சில இழைகள் மட்டும் வளர்ந்தாலும் இந்தச் சுருக்கு கிடைக்கும். அது முழுப் பயனுள்ள மீட்சிக்கு உறுதிச்சீட்டு ஆகாது.

மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தில் இதே தட்டலும், மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைக்கும் ஃபேலன் சோதனையும் பரவலாக நடக்கின்றன. ஃபேலன் 1966-இல் 654 கைகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகு அவை பாடநூலின் நிரந்தர வரிகளாயின. 2000-இல் டார்சியும் மெக்கீயும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்விரண்டும் எதிர்பார்த்த அளவு பிரித்துக் காட்டவில்லை. மீடியன் எல்லையில் வலியுணர்வு குறைவு, கட்டைவிரலைத் தூக்கும் வலுக்குறைவு, நோயாளி தம் கைப்படத்தில் குறித்துக் காட்டும் இடங்கள் ஆகியவை மேலாக இருந்தன. பெயர்பெற்ற அடையாளமே சிறந்த அடையாளம் ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழகத்தின் திருத்தம்: தொழுநோயிலிருந்து கற்றது

இதுவரை சொன்ன நிலைப்பாடுகள் பெரும்பாலும் வெட்டுக்காயத்திலும் குண்டுக்காயத்திலும் பிறந்தவை. தமிழகம் தந்த பங்கு வேறு வகை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்த்த பிறகு, மடங்கிய விரல்களின் பின்னே உள்ள ஒழுங்கைத் தேடினார். நரம்புகள் தோலுக்கு அருகே ஓடும் இடங்களில், குறிப்பாக அல்னார் முழங்கைக்கு மேலேயும் மீடியன் மணிக்கட்டுக்கு மேலேயும், பழுது குவிந்திருந்தது. முன்கையின் பல தசைகள் தப்பியிருந்தன. எது போகும், எது மிஞ்சும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், நல்ல தசையின் நாணை இடம் மாற்றி விரல்களை நீட்டச் செய்யும் அறுவைச் சிகிச்சை 1940-களின் இறுதியில் வேலூரில் உருவானது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்வற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் சிதைகிறது என்ற தெளிவும் அங்கேதான் வலுப்பட்டது. 1955-இல் தொடங்கிய கரிகிரி ஷெஃப்லின் மையமும், செங்கல்பட்டின் மத்தியத் தொழுநோய் நிறுவனமும், திருச்சி பாத்திமா நகரின் ஹோலி ஃபேமிலி ஹன்செனோரியம் போன்ற இல்லங்களும் இந்த மருத்துவத்தைத் தமிழகத்தில் பரப்பிய இடங்கள்.

இந்தப் பணி அடையாளங்களை ஏழைக்கு எட்டும்படி சுருக்கியது. சுண்டுவிரலை வெளியே விரித்தல், கட்டைவிரலை மேலே தூக்குதல், மணிக்கட்டை நிமிர்த்துதல் என்ற மூன்றே அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் வலு உண்டு, குறைவு, இல்லை என்ற மூன்றே மதிப்புகள். தோலின் உணர்வைத் தொட்டுச் சோதிக்க நைலான் இழை. அது இல்லாத இடத்தில் பேனா முனை. மருத்துவர் அல்லாத களப்பணியாளரும் மாதந்தோறும் செய்து அட்டையில் குறிக்கலாம். ஒருமுறை பார்த்த அடையாளத்தைவிட, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடே நரம்பைக் காப்பாற்றும் என்ற பார்வை இங்கே வேரூன்றியது. புதிய பழுதைச் சில மாதங்களுக்குள் கண்டால் ஸ்டீராய்டு மருந்தால் மீட்க வாய்ப்புண்டு.

இதற்கும் எல்லை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 2000-களில் 300-க்கு மேற்பட்ட புதிய நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு, நைலான் இழையும் தசைவலுச் சோதனையும் பழுதைக் காட்டுவதற்கு 12 வாரமோ அதற்கும் முன்போ, நரம்பின் மின்கடத்தலும் வெதுவெதுப்பை உணரும் திறனும் பலரிடம் குறைந்துவிட்டதைக் காட்டியது. களத்தின் எளிய சோதனை பார்க்கும் வேளையில் பழுது தொடங்கிச் சில காலம் ஆகியிருக்கிறது.

கருவிகள் வந்த பிறகு

அப்படியானால் அடையாளங்களை விட்டுவிட்டுக் கருவியை நம்பலாமா? வெட்டுக்காயத்தில் அது அவ்வளவு எளிதல்ல. நரம்பு அறுந்த பிறகும் காயத்துக்குக் கீழுள்ள துண்டு சில நாட்கள் மின்துடிப்பைக் கடத்தும். உணர்வு இழைகளில் அது பத்து நாள் வரைகூட நீளலாம். தசையில் நரம்பிழப்பின் மின்னடையாளம் தோன்ற இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்த மின்சோதனை, நசுங்கிய நரம்பையும் அறுந்த நரம்பையும் பிரித்துச் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் தேர்ந்த கையில் அறுந்த முனையை நேரடியாகக் காட்டும். ஆனால் அந்தத் தேர்ச்சி எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் கிடைப்பதில்லை.

ஆழம் பற்றிய கேள்வியில் அடையாளங்கள் பலவீனமானவை என்பதையும் மறைக்கக் கூடாது. செடன் 1943-இல் காயங்களைத் தற்காலிகத் தடை, உள்ளிழை முறிவு, முழு அறுப்பு என மூன்றாகப் பிரித்தார். சண்டர்லாந்து 1951-இல் ஐந்து படிகளாக விரித்தார். முதல் நாளில் செடனின் மூன்று வகைகளும் ஒரே மாதிரி செயலிழந்த கையாகவே தெரியலாம். காயம் ஏற்பட்ட விதம் இங்கே அடையாளத்தைவிட அதிகம் சொல்கிறது. கூரிய கண்ணாடியோ கத்தியோ கிழித்த இடத்துக்குக் கீழே உணர்வு இல்லையென்றால், வேறு சான்று கிடைக்கும்வரை நரம்பு அறுந்ததாகவே கொள்வது கை அறுவைச் சிகிச்சையின் நெடுநாள் விதி. கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தவரின் தொங்கும் மணிக்கட்டு பெரும்பாலும் வாரங்களில் மீளும்.

காலக்கணக்கு இதை அவசரமாக்குகிறது. நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. முழங்கையிலிருந்து கையின் சிறு தசைகளுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் என்றால், உடனே தைத்தாலும் எட்டு முதல் பத்து மாதம் ஆகும். நரம்பில்லாத தசை ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை ஆண்டில் வளர்ந்துவரும் நரம்பை ஏற்கும் திறனை இழக்கிறது. தோல் ஆறிவிட்டது, உணர்வு தானாக வரும் என்று ஆறு மாதம் காத்திருப்பவர், அந்த இடைவெளியின் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறையும், கோவை கங்கா மருத்துவமனையும் தமிழகத்துக்குத் தேர்ந்த கைகளைத் தந்திருக்கின்றன. அங்கே யார், எப்போது போய்ச் சேர்கிறார் என்பது முதல் சோதனையைச் செய்தவரின் குறிப்பைப் பொறுத்தது.

மதிப்பீடு: உறுதியானவையும் தீராதவையும்

எந்த நரம்பு என்ற கேள்விக்கு, உணர்வு, வியர்வை, அசைவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கை பெரும்பாலும் நம்பத்தகுந்த விடை தருகிறது. எந்த இடம் என்பதற்குக் கிளைகள் பிரியும் ஒழுங்கு நல்ல உதவி. எவ்வளவு ஆழம் என்பதற்கு அடையாளங்கள் போதா. காயம் நேர்ந்த விதமும் தேவையானால் திறந்து பார்ப்பதும் வேண்டும். மீளுமா என்பதற்குத் தொடர்ந்த பதிவைத் தவிர எளிய வழியில்லை.

தீராதவை பல. பகுதியாக அறுந்த நரம்பை முதல் நாளிலேயே அடையாளம் காண நம்பகமான எளிய சோதனை இன்னும் கைவரவில்லை. பேசத் தெரியாத குழந்தையின் கையில் எந்தச் சோதனைகளின் சேர்க்கை சிறந்தது என்பதில் ஒருமித்த முடிவில்லை. சர்க்கரை நோயால் இரண்டு கைகளும் ஏற்கெனவே மரத்துவரும் ஒருவரிடம், மறு கையோடு ஒப்பிடும் அடிப்படை விதியே ஆட்டம் காண்கிறது. நீரிழிவு பெருகிவரும் தமிழகத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பெரும்பாலான அடையாளங்களின் துல்லியம், தேர்ந்த நிபுணர் தேர்ந்த நோயாளியிடம் செய்தபோது அளக்கப்பட்டது; நள்ளிரவில் களைத்த மருத்துவர் செய்தால் அது எவ்வளவு குறையும் என்பது தனியாக ஆராயப்பட வேண்டியது.

ஆனால் நடைமுறைக்கு இவ்வளவு தெரிந்தாலே பயனுண்டு. தையல் ஊசியை எடுப்பதற்கும், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கும் முன்பு, இரண்டு விரல் நுனிகளின் உணர்வு, கட்டைவிரலைத் தூக்கும் வலு, விரல்களின் விரிவு, மணிக்கட்டின் நிமிர்வு ஆகியவற்றை நேரத்தோடு எழுதிவைப்பது இரண்டு நிமிட வேலை. தொழுநோய்க் களப்பணியில் நம் மாநிலம் பல பத்தாண்டுகளாகப் பழகிய அந்த அட்டை ஒழுங்கு, வெட்டுக்காயம் பார்க்கும் ஒவ்வொரு அவசரப் பிரிவுக்கும் வர வேண்டும். வந்தால், தீராத கேள்விகளுக்கு வேண்டிய தரவும் அந்த அட்டைகளிலிருந்தே கிடைக்கத் தொடங்கும்.